பதினேழு வயதுக் கர்ப்பிணி: பதிவேட்டில் எந்த வயதை எழுதுவது?

ஜூன் 8, 2025, மாலை
(கேள்வி)

கிராம சுகாதார செவிலியராக வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு வருஷம் முடியவில்லை. என் துணை சுகாதார நிலையப் பகுதியில் ஒரு பெண்ணுக்கு நாலு மாதம். கழுத்தில் தாலி இருக்கிறது. வயது 19 என்கிறார் அவளுடைய அம்மா. ஆதார் கேட்டால் தொலைந்துவிட்டது என்கிறார்கள். பக்கத்து வீட்டில் விசாரித்தேன். போன வருஷம் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாளாம். போக்சோவில், அதாவது சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டத்தில், தகவல் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறார் ஒரு சீனியர். "அவங்க சொன்ன வயசை எழுதிட்டுப் போ, உனக்கு எதுக்கு வம்பு" என்கிறார் இன்னொரு சீனியர். தகவல் கொடுத்தால் அவள் செக்கப்புக்கே வராமல் போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது. எது சரி, அக்காமார்களே?

ஜூன் 8, இரவு

நான் பகுதி சுகாதார செவிலியர். அதற்கு முன்னால் பல வருஷம் உங்களைப் போலவே பதிவேடும் பையுமாகத் தெருத்தெருவாகப் போனவள். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். முதல் சீனியர் சொன்னது பாதி சரி. இரண்டாமவர் சொன்னது முழுக்கத் தப்பு.

19 என்று எழுதினால் என்ன ஆகும்? அந்தப் பெண் ஹை ரிஸ்க் பட்டியலில் வரமாட்டாள். வளர்ந்து முடியாத இடுப்பெலும்பு, ரத்தசோகை, கடைசி மாதங்களில் ஏறும் பிபி, எடை குறைந்த குழந்தை, குறைமாதப் பிரசவம் என்று இந்த வயதுக்கே உரிய ஆபத்துகள் எல்லாம் அந்த ஒரு எண்ணுக்குப் பின்னால் மறைந்துவிடும். ஆபரேஷன் தியேட்டர் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பிரசவம் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரோ முடிவு செய்வார்கள். நீங்கள் எழுதிய எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

ஏன் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி 19 என்கிறார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? 18 என்றால் கல்யாணச் சட்டம் வாயை மூடும். 19 நிரம்பியிருந்தால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியும் கிடைக்கும். பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்பு. கூலி வேலை செய்கிற வீட்டுக்கு அது பெரிய தொகை. இதற்காக அம்மாக்காரி மேல் கோபப்பட எனக்கு மனசு வருவதில்லை. ஆனால் பொய் வயதில் நம் கையெழுத்து இருக்கக்கூடாது. பின்னால் அந்தப் பெண்ணே கோர்ட்டில் தன் வயதை நிரூபிக்க வேண்டிய நிலை வந்தால், நம் பதிவேட்டையே அவளுக்கு எதிராக நீட்டுவார்கள்.

சட்டத்தைப் பற்றி நாளை எழுதுகிறேன். அதற்குள் ஒன்று செய்யுங்கள். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான ஏஎன் கிளினிக்குக்கு அவளை எப்படியாவது வரவழைத்து பிபி, ஹெச்பி (ஹீமோகுளோபின்), சிறுநீரில் ஆல்புமின் மூன்றையும் பாருங்கள். வயதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

ஜூன் 9, காலை

ஒன்று விட்டுப்போனது. பக்கத்து வீட்டில் விசாரித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இனி அதைச் செய்யாதீர்கள். நர்ஸம்மா வந்து வயதை விசாரித்தார் என்பது சாயங்காலத்துக்குள் குழாயடி வரை போய்விடும். நமக்குத் தெரிய வேண்டியதை அவளிடமே கேட்கலாம். தனியாக, கேட்கிற விதத்தில் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். "எந்த ஸ்கூல்ல படிச்ச? கூடப் படிச்சவங்க இப்ப என்ன படிக்கிறாங்க?" என்று கேட்டாலே போதும். ஆதாரும் முழு நம்பிக்கைக்கு உரியது இல்லை. எங்கள் பக்கம் எத்தனையோ கார்டில் பிறந்த தேதி ஜனவரி 1 என்றுதான் இருக்கிறது. சிறார் நீதிச் சட்டத்தின் 94-வது பிரிவு வயதுக்கு முதலில் பார்க்கச் சொல்வது பள்ளிச் சான்றிதழை. அது இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. ஆனால் இந்த ஆதாரங்களைத் தேடுவது நம் வேலை இல்லை. சந்தேகம் இருக்கிறது என்று தெரிவித்தால் போதும், வயதை நிரூபிக்கச் சொல்லிச் சட்டம் நம்மைக் கேட்பதில்லை.

ஜூன் 9, இரவு

சட்டம். போக்சோ 2012, பிரிவு 19. பதினெட்டு வயதுக்குக் கீழான ஒருவருக்கு எதிராகக் குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்த எவரும், ஏன், அப்படி அஞ்சுகிற எவரும் காவல் துறைக்குத் தகவல் கொடுக்க வேண்டும். நர்ஸ், டாக்டர், டீச்சர் யாருக்கும் விலக்கு இல்லை. பிரிவு 21-ன்படி, கொடுக்காமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பிரிவு 19-லேயே இன்னொரு வரியும் உண்டு: நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் வழக்குப் போட முடியாது. கல்யாணம் ஆகிவிட்டதே என்ற பதிலும் செல்லாது. 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், மனைவியாக இருந்தாலும் பதினெட்டுக்குக் கீழ் என்றால் குற்றம்தான் என்று தீர்த்துவிட்டது.

இவ்வளவும் முதல் சீனியருக்குத் தெரியும். பாதி சரி என்று நான் சொன்னது ஏனென்றால், தகவல் கொடுப்பதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். யாரிடம் முதலில் சொல்வது, எப்படிச் சொல்வது, சொன்ன மறுநாள் அந்த வீட்டுப் படியை யார் ஏறுவது என்பதெல்லாம் சட்டத்தில் எழுதியில்லை. ஒரு செவிலியர் நல்லவரா இல்லையா என்பது அங்கேதான் தெரியும்.

ஜூன் 10, இரவு

இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கொரோனா ஊரடங்கு. பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த காலம். கல்யாண மண்டபத்துக்குக் கூட்டம் கூடாது என்பதால் செலவில்லாமல் வீட்டோடு தாலி கட்டிக் கொடுத்துவிட்டார்கள் நிறையப் பேர். மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஒரு பெண். வீட்டார் சொன்ன வயது 19. நான் பிபி பார்த்துக்கொண்டிருந்தபோது திண்ணையில் இருந்த பாட்டி ஆசையாகப் பேத்தியின் தலையைத் தடவி, "சுனாமி வந்தப்ப இவ கைக்குழந்தைம்மா, டிவியில அதப் பாத்துட்டு நான் அழுதா இவளும் கூடவே அழுவா" என்றாள். மருமகள்காரி பாட்டியை முறைத்த முறைப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. சுனாமி 2004 டிசம்பர். கணக்குப் போட எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பதினாறு முடிந்து பதினேழு.

அந்தப் பெண் என்னோடு வாசல் வரை வந்தாள். "அக்கா, அவரை உள்ள போட்டுட்டா எனக்கு யாருக்கா சோறு போடுவா?" என்று கேட்டாள். அழவில்லை. விலை கேட்கிற மாதிரிதான் கேட்டாள். அவனுக்கு வயது இருபதோ இருபத்தொன்றோ இருக்கும். செங்கல் சூளையில் வேலை. இரண்டு பேரும் விரும்பிக் கட்டிக்கொண்டவர்கள். வீட்டாருக்கும் சம்மதம்.

நான் அவளிடம், "எனக்குத் தெரிஞ்சதை நான் மறைக்க முடியாது. ஆனா உனக்குத் தெரியாம எதுவும் செய்ய மாட்டேன். நாளைக்கு உன் வீட்டுக்காரரையும் அம்மாவையும் வரச் சொல்லு, டாக்டரம்மாவை வெச்சுப் பேசிடுவோம்" என்றேன். தலையாட்டினாள். அந்த நாளை வரவேயில்லை. அன்று மதியமே வேறொருவர் போனில் தகவல் கொடுத்துவிட்டார். யார், எந்தத் துறை என்று எழுதப் போவதில்லை. ஜீப்பில் சீருடையோடு வந்தார்கள். நான் வந்துபோன இரண்டு மணி நேரத்தில் ஜீப் வந்தால் ஊர் என்ன நினைக்கும்? நர்ஸ்தான் பிடித்துக்கொடுத்தாள் என்றுதான்.

போக்சோ பிரிவு 24 என்ன சொல்கிறது தெரியுமா? குழந்தையின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். முடிந்தவரை பெண் அதிகாரி, சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாதவர். சீருடை கூடாது. இரவில் ஸ்டேஷனில் வைக்கக்கூடாது. இதில் எதுவுமே அன்று நடக்கவில்லை.

பையன் உள்ளே போனான். பெண்ணை ராவோடு ராவாக வேறு மாவட்டத்துக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே அவளை யாரும் பதிவு செய்யவில்லை. பதிவு செய்யப் போனால் மறுபடி வயது கேட்பார்களே. எட்டாம் மாதத்தில் வலிப்பு வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. கிளினிக்கில் பிபி பார்த்துக்கொண்டே வந்திருந்தால் ஆறாம், ஏழாம் மாதத்திலேயே கண்டுபிடித்திருப்போம்.

அதோடு முடியவில்லை. அந்தத் தெருவில் வெகுகாலம் ஒரு கர்ப்பமும் 12 வாரத்துக்குள் என்னிடம் பதிவாகவில்லை. பதினெட்டுக்குக் கீழானவர்கள் மட்டும் இல்லை, 25 வயதுக்காரிகூட ஒளிந்தாள். தடுப்பூசி நாளில் குழந்தைகளைக் கொண்டுவரத் தயங்கினார்கள். நர்சிங் படிக்கும்போது நான்கு கொள்கை எழுதி மார்க் வாங்கினோமே: தன்னுரிமை, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி. ஆஸ்பத்திரி நர்ஸுக்குக் கட்டிலில் இருக்கிற ஒரு ஆளை வைத்து இந்த நான்கையும் யோசித்தால் போதும். ஒரு துணை சுகாதார நிலையத்துக்குச் சமவெளியில் 5,000 பேர், மலையில் 3,000 பேர். அத்தனை பேரும் நம் பேஷண்ட். ஒரு வீட்டில் நாம் நடந்துகொள்வதை வைத்துத்தான் மற்ற வீடுகள் நமக்குக் கதவைத் திறக்கும்.

ஜூன் 11, மதியம்

புதன்கிழமை, தடுப்பூசி நாள். சாப்பாட்டு நேரத்தில் அவசரமாக எழுதுகிறேன்.

கீழே ஒருவர் "1098-க்குப் போன் பண்ணிட்டா போதும், போலீஸ் வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார். அப்படி இல்லை. குழந்தைகள் உதவி எண்ணான 1098 நல்ல உதவி, கூப்பிடுங்கள். ஆனால் பிரிவு 19 பெயர் சொல்லிக் குறிப்பிடுவது சிறப்புச் சிறார் காவல் பிரிவையோ உள்ளூர்க் காவல் நிலையத்தையோதான். மருத்துவ அலுவலரிடம் சொல்லிவிட்டோம் என்பதும் அதே மாதிரிதான். அவர் தகவலை அனுப்பினாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள், கடித நகலில் உங்கள் பெயரும் இருக்கட்டும்.

இன்னொருவர், "பெயரையே சொல்ல வேண்டாம்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சே" என்கிறார். 2022 செப்டம்பர் 29 தீர்ப்பைச் சொல்கிறார். அது கருக்கலைப்புக்கு வருகிற சிறுமிகளைப் பற்றியது. சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், பிரிவு 19 தகவலில் அவள் பெயர், அடையாளம் இல்லாமல் டாக்டர் அனுப்பலாம் என்றது. போலீஸுக்குப் பயந்து பெண்கள் போலி டாக்டர்களிடம் போய்ச் சாகக்கூடாது என்பதுதான் அதன் நோக்கம். கர்ப்பத்தைத் தொடர விரும்பும் பெண்ணுக்கு அதை நாமே நீட்டிக்கொள்ள முடியாது. ஆனால் கேள்வி கேட்ட சிஸ்டர், இதை மனதில் வையுங்கள்: நாலு மாதம் என்றால் அவளுக்கு இன்னும் வழி இருக்கிறது. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்துப் போதும், 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள். சிறுமிகள் அந்த இரண்டாவது வகையில் வருகிறார்கள். பாதுகாவலர் கையெழுத்து வேண்டும். இந்தக் குழந்தை அவளுக்கு வேண்டுமா என்று அவளிடம் யாராவது கேட்டார்களா? அம்மா இல்லாத நேரத்தில், மாமியார் இல்லாத நேரத்தில் நீங்கள் கேளுங்கள். எந்தப் பக்கமும் தள்ளாதீர்கள்.

ஜூன் 12, இரவு

நேற்று முன்தினம் எழுதியதைத் திரும்பப் படித்தேன். அந்தச் செங்கல் சூளைப் பையனின் கதையைப் படித்துவிட்டு "பாருங்க, தகவல் கொடுக்கவே கூடாது" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது அது இல்லை. அதனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்.

வேறொரு ஊர். வயது 15. வயிற்று வலி என்று கூட்டிவந்தார்கள். கல்யாணம் இல்லை, காதல் இல்லை. யாரால் என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை. அவள் கண் போன திசையில் நின்றிருந்தது கூடவே வந்த சொந்தக்காரர். "குடும்ப மானம் போயிடும் சிஸ்டர், நாங்களே பாத்துக்கறோம்" என்று எல்லாருக்கும் முன்னால் பேசியவரும் அவர்தான். தகவல் கொடுப்பது நம் இஷ்டம் என்று சட்டம் விட்டிருந்தால் அன்று என்னால் என்ன செய்திருக்க முடியும்? அந்த ஊரில் அந்தக் குடும்பத்தை எதிர்த்து ஒரு நர்ஸ் எத்தனை நாள் வேலை பார்க்க முடியும்? "எனக்கு வேற வழி இல்லைங்க, சொல்லலைன்னா என்னை உள்ள போட்டுருவாங்க" என்று சொல்ல முடிந்தது. அந்த ஒரு வாக்கியம்தான் அவளையும் காப்பாற்றியது, என்னையும் காப்பாற்றியது. குழந்தைகள் நலக் குழு மூலமாக, வழக்கு நடக்கும்போது கூடவே இருந்து உதவுகிற துணை நபர் ஒருவர் அவளுக்குக் கிடைத்தார். இப்போது படிக்கிறாள்.

இரண்டு பெண்களுக்கும் ஒரே சட்டம். ஒருத்தியை அது மீட்டது, ஒருத்தியை விரட்டியது. முதலில் பார்க்கும்போது எது எந்த மாதிரி வீடு என்று நமக்குத் தெரியாது என்பதுதான் இதில் கஷ்டமே. "விரும்பித்தான் கட்டிக்கிட்டேன்" என்பதை அவளே சொல்கிறாளா, சொல்ல வைக்கிறார்களா? பத்து நிமிஷ செக்கப்பில் அதைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்கிற நர்ஸை நான் நம்பமாட்டேன்.

16 முதல் 18 வரை உள்ளவர்கள் தாமாக விரும்பிச் சேர்ந்த வழக்குகளில், மருத்துவப் பணியாளருக்காவது கட்டாயத் தகவலில் தளர்வு வேண்டும் என்பது என் கருத்து. முன்பும் அப்படித்தான் நினைத்தேன், இப்போதும் அப்படித்தான். ஆனால் அந்தத் தளர்வை ஒரு நர்ஸ் தன் பேனாவால் எடுத்துக்கொள்ளக்கூடாது. சட்டசபையும் நாடாளுமன்றமும் கொடுக்க வேண்டியது அது. 2019-இல் சென்னை உயர் நீதிமன்றமே வயது வரம்பை 16 ஆக்குவதைப் பரிசீலிக்கச் சொன்னது. 2022 டிசம்பரில் தமிழகக் காவல் துறைத் தலைவரின் சுற்றறிக்கை, காதல் விவகாரப் போக்சோ வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்றது. தகவல் கொடுத்தால் உடனே கைது என்று சட்டம் எங்கேயும் சொல்லவில்லை. இதை அந்தக் குடும்பத்துக்கு விளக்கிச் சொல்லலாம், சொல்ல வேண்டும். ஸ்டேஷனில் இருக்கிற பெண் அதிகாரியிடமும் அந்தச் சுற்றறிக்கையை மரியாதையாக நினைவுபடுத்தலாம்.

ஜூன் 13

போன மாதம் 23-ஆம் தேதி வந்த உச்ச நீதிமன்ற உத்தரவைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். மேற்கு வங்க வழக்கு. பெண்ணுக்கு அப்போது 14 வயது, வீட்டை விட்டுப் போய் ஒருவரோடு வாழ்ந்தாள். குற்றம் உறுதியானது, ஆனால் தண்டனை விதிக்கவில்லை. அரசியல் சட்டத்தின் 142-வது பிரிவு தரும் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தினார்கள். காரணம், நீதிமன்றம் அமைத்த குழு அந்தப் பெண்ணிடமே போய்ப் பேசியது. நடந்த சம்பவத்தைவிட அதற்குப் பின்னால் வந்த போலீஸ், கோர்ட், கணவனைக் காப்பாற்ற அலைந்த அலைச்சல் இவைதான் தன்னை நொறுக்கின என்று அவள் பக்கத்திலிருந்து தெரிந்தது. சமூகமும் சட்டமும் குடும்பமும் அவளைக் கைவிட்டுவிட்டன என்று நீதிபதிகளே எழுதியிருக்கிறார்கள்.

இதை முன்மாதிரியாக எடுக்கக்கூடாது என்றும் அதிலேயே சொல்லிவிட்டார்கள். அதனால் நாளைக்கே நம் வேலையில் எதுவும் மாறாது. ஆனால் எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது வேறு. நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு அவளிடம் நேரில் கேட்கத் தோன்றுவதற்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. நமக்கு அந்த வாய்ப்பு முதல் விசிட்டிலேயே இருக்கிறது.

ஜூன் 14, மதியம்

பேச்சு வேறு பக்கம் போகிறது, போகட்டும், இதுவும் சேர்ந்த விஷயம்தான். நம்பிக்கை மையத்தில், அதாவது எச்ஐவி பரிசோதனை, ஆலோசனை மையத்தில், எச்ஐவி பாசிட்டிவ் வந்த தாய். மாமியார் "என்ன ரிசல்ட்டு?" என்று கேட்கிறார், கணவனுக்குச் சொல்ல வேண்டியது நர்ஸின் கடமைதானே என்று ஒரு தம்பி கேட்கிறார்.

இல்லை தம்பி. எச்ஐவி சட்டம் 2017, 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. துணைவருக்கு இந்த விஷயத்தைச் சொல்லும் அதிகாரம் டாக்டருக்கும் ஆலோசகருக்கும் மட்டும்தான். அவர்களும் முதலில் அவளுக்கு ஆலோசனை சொல்லி, அவளே சொல்ல வாய்ப்புக் கொடுத்து, சொல்லப் போகிறோம் என்று அவளிடம் தெரிவித்த பிறகே செய்ய முடியும். பெண்ணாக இருந்து, சொன்னால் அடி விழும், துரத்திவிடுவார்கள் என்று பயப்பட நியாயமான காரணம் இருந்தால் சொல்லவே கூடாது. மாமியாருக்கு எந்த நிலையிலும் உரிமை இல்லை.

பாருங்கள், ஒரு சட்டம் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது, இன்னொரு சட்டம் வாயைத் திறக்காதே என்கிறது. இரண்டையும் ஒரே பையில் வைத்துக்கொண்டு ஒரே தெருவில் நடக்கிறோம். ஆனால் எச்ஐவி சட்டத்தை எழுதியவர்கள் ஒன்றை யோசித்திருக்கிறார்கள்: அவளிடம் முதலில் சொல், அவள் பத்திரமா என்று பார், அப்புறம் அடுத்த படி. போக்சோவில் அந்த வரிசை எழுதப்படவில்லை. எழுதவில்லை என்றால் தடுக்கவும் இல்லை. அந்த வரிசையை நாமே அங்கேயும் கடைப்பிடிக்கலாம். கையில் பென்சிலோடு எத்தனையோ ராத்திரி இதைத்தான் யோசித்தேன்.

ஜூன் 14, இரவு

பென்சில் என்றால் என்ன என்று கேட்கிறார்கள். எங்களில் பலருக்கு ஒரு பழக்கம் இருந்தது. சந்தேகமான வயது என்றால் பதிவேட்டில் அந்தக் கட்டத்தை மட்டும் பென்சிலால் நிரப்பிவிட்டு, மற்றதெல்லாம் நீல மை. மாதக் கடைசியில் மீட்டிங்குக்கு முன்னால் அழித்து எழுதுவார்கள். அந்தக் கட்டத்தில் மட்டும் தாள் தேய்ந்து வெளிச்சத்தில் பிடித்தால் மெல்லிசாகத் தெரியும். இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர்களுக்கும் தெரியும். கேட்கமாட்டார்கள்.

ஏன் கேட்கமாட்டார்கள் என்றால், ரிவ்யூ மீட்டிங்கில் டீன் ஏஜ் கர்ப்பம் எந்தப் பகுதியில் அதிகம் என்று பட்டியல் போடுகிறார்கள். எண்ணிக்கை கூடினால் அந்த நர்ஸை எழுந்து நிற்கச் சொல்லிக் கேட்கிறார்கள். "உன் ஏரியாவுல எப்படி இத்தனை?" அவள்தான் கல்யாணம் செய்துவைத்த மாதிரி. அடுத்த மாதம் எண்ணிக்கை குறைந்துவிடும். பெண்கள் குறைந்திருக்கமாட்டார்கள், பென்சில் வேலை செய்திருக்கும். உண்மையைக் கண்டுபிடித்த நர்ஸைத் திட்டி, மறைத்த நர்ஸைப் பாராட்டுகிற வரை, நெறிமுறை வகுப்பு எத்தனை நடத்தினாலும் பிரயோஜனம் இல்லை. இதை நான் மீட்டிங்கிலும் சொல்லியிருக்கிறேன். இப்போது பிக்மியில், அதாவது கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் அரசு இணையதளத்தில், ஆன்லைனில் பதிவு வந்துவிட்டது. பென்சில் போய்விட்டது. திட்டு போகவில்லை.

ஜூன் 16

கேள்வி கேட்ட சிஸ்டர் பதில் எழுதியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் வந்தாள், ஹெச்பி 7.8, பிபி சரியாக இருக்கிறது, வயதை அவளே தனியாகச் சொல்லிவிட்டாள், அடுத்த தையில்தான் பதினெட்டு, குழந்தை வேண்டும் என்கிறாள். எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று கேட்கிறார்.

நான் பேசுகிற விதத்தை எழுதுகிறேன், உங்கள் ஊர்ப் பேச்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் அவளிடம் மட்டும்: "நீ என்கிட்ட உண்மையைச் சொன்னது ரொம்பப் பெரிய விஷயம். சட்டப்படி இதை நான் மேல சொல்லணும். உன்னைக் கேக்காம, உனக்குத் தெரியாம அனுப்ப மாட்டேன். என்னிக்கு அனுப்புறேன், யாரு வருவாங்க, என்ன கேப்பாங்கன்னு எல்லாத்தையும் முன்னாடியே சொல்றேன். நீ எங்க போனாலும் உன் செக்கப்பு நிக்காது." கடைசி வாக்கியம்தான் முக்கியம். அவள் ஓட நினைத்தால் எங்கே ஓடுவாள் என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர் நர்ஸிடம் பேசி வையுங்கள். பிக்மி எண் அவள் கையில் இருக்கட்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அது வேண்டும் என்று சொன்னால் தொலைக்கமாட்டாள்.

அப்புறம் அம்மாவையும் பையன் வீட்டையும் டாக்டரம்மா அறைக்கு வரவழையுங்கள். நீங்கள் தனியாக இந்தச் செய்தியைச் சொல்லாதீர்கள். நாளைக்கும் அந்தத் தெருவில் தனியாகப் போக வேண்டியவர் நீங்கள்தான். தகவல் எழுத்தில், மருத்துவ அலுவலர் மூலமாக, தேதியும் பெற்றுக்கொண்ட முத்திரையும் வாங்கி. கடிதத்தில் பார்த்ததை மட்டும் எழுதுங்கள், ஊகத்தை எழுதாதீர்கள். அவள் தானாகச் சொன்னாள், கர்ப்பத்தைத் தொடர விரும்புகிறாள், ரத்தசோகைக்குச் சிகிச்சை நடக்கிறது, விசாரணை பிரிவு 24-ன்படி சீருடை இல்லாமல் அவள் வீட்டில் நடக்கக் கேட்டுக்கொள்கிறோம் என்று சேர்த்து எழுதச் சொல்லுங்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

எத்தனை நாள் பொறுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பொறுக்கவே கூடாது என்பதுதான் சட்டத்தின் எதிர்பார்ப்பு. அவளிடம் பேச ஒரு பகல் போதும். அதைத் தாண்டி இழுக்காதீர்கள். வீட்டில் அடி, பூட்டிவைப்பு, வேறு ஊருக்குக் கடத்தப் பார்ப்பது என்று எது தெரிந்தாலும் அந்த ஒரு பகலும் கிடையாது, அதே நிமிஷம் போன் போடுங்கள்.

ஜூன் 17

"தகவல் கொடுத்த பிறகு எஃப்ஐஆர் நகல் இல்லாமல் ஸ்கேன் எடுக்கமாட்டோம் என்று ஒரு இடத்தில் திருப்பி அனுப்பினார்கள்" என்று இன்னொரு சிஸ்டர் எழுதியிருக்கிறார். போக்சோ விதிகள் 2020-இல் இதற்குப் பதில் இருக்கிறது. அவசர மருத்துவ உதவிக்குப் போலீஸ் கடிதமோ மாஜிஸ்திரேட் உத்தரவோ முன்நிபந்தனையாகக் கேட்கக்கூடாது. அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். திருப்பி அனுப்பினால் கூடவே போய் நில்லுங்கள். நர்ஸ் கூட நிற்கும்போது பெரும்பாலும் வேலை நடந்துவிடும்.

7.8-க்கு அவளுக்கு இரும்புச்சத்து மாத்திரை மட்டும் போதாமல் போகலாம். ஊசி மூலம் ஏற்றுவதைப் பற்றி டாக்டரம்மாவிடம் இன்றே கேளுங்கள். மாத்திரை கொடுத்தால் டீயோடு விழுங்கவிடாதீர்கள். எத்தனை மாத்திரை மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள், சாப்பிட்டாயா என்று கேட்டால் எல்லாருமே ஆமாம் என்பார்கள்.

கடிதம் போய்ச் சேர்ந்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள். விசாரணைக்கு வருகிற அன்று நீங்களும் அந்த வீட்டில் இருக்க முடியுமா என்று பாருங்கள். சட்டம் அவளுக்கு நம்பிக்கையான ஒருவரைக் கூட வைத்துக்கொள்ள இடம் கொடுக்கிறது. அவள் உங்கள் பெயரைச் சொன்னால் அன்றைய ஃபீல்டு விசிட்டை எனக்குச் சொல்லுங்கள், எங்கள் பக்கத்திலிருந்து ஆள் அனுப்பச் சொல்லிக் கேட்டுப் பார்க்கிறேன்.